இங்க வரைக்கும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது, சேலையை எப்படி ஒதுக்கினாலும் கொஞ்சம் தரையைப் பெருக்குகிறது, ஜெசிந்தா ஒருவழியாகக் கால்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். பதினேழு. கேட்டில் வாங்கும்போதே பதினேழுதான், இருந்தாலும் மறுபடி பார்த்தாள். மிஸ்ஸின் மேசையில் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு பேர். நாலு பேர் போனதும் தன் முறை, தன் முறை வந்ததும் டைரி, டைரியைத் திறந்ததும் அந்தப் பக்கம். அவளுக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, ரெனிஷா உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி. அந்த இடைவெளியை ஜெசிந்தா பார்த்தாள். போன மாதம்கூட இவள் இப்படி உட்காருகிறவள் இல்லை, எங்கே உட்கார்ந்தாலும் முழுப் பாரத்தையும் அம்மாவின் விலாவில் சாய்த்துவிடுவாள், தள்ளி உக்காரு பாப்பா வேர்க்குது என்று எத்தனை தடவை விலக்கியிருக்கிறாள், விலக்கினவளுக்கு இப்போது அந்த விலா சும்மா கிடக்கிறது, காற்றுப் படுகிறது, காற்றுப் படுவது இவ்வளவு வலிக்குமா. ஒன்பது நாள். ஒன்பது நாளாக அவள் கணக்கு நோட்டைக் காட்டவில்லை. கேட்டால், முடிச்சிட்டேன் என்கிறாள். என்ன முடிச்சே என்றால், ஸ்கூல்லயே முடிச்சிட்டேன். எட்டு வயசுப் பிள்ளையின் முகத்தில் ஒரு கதவு இருக்கும் என்றும் அது சத்தமே இல்லாமல் சாத்திக்கொள்ளும் என்றும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"எத்தனாவது நம்பர்?" என்று முன் பெஞ்சிலிருந்த அம்மா திரும்பினாள். பருத்த கை, கையில் சுருட்டிய டோக்கன், அவளுடைய மகன் ஜன்னல் கம்பியில் பாதி ஏறி நின்றிருந்தான். பதினேழு என்றதும், "நான் பதினாறு. எனக்கு வசவு முடியவும் உங்களுக்கு" என்றாள். "போன தடவை இவன் கணக்குல ஏழு. நூத்துக்கு. மிஸ் கேக்காங்க, வீட்ல என்னதான் செய்யுதான்னு. நல்லா சாப்பிடுதான் மிஸ்னேன். வேற என்னத்தச் சொல்ல." சொல்லிவிட்டுத் தானே தோள் குலுங்கச் சிரித்தாள், ஜன்னல் கம்பியைப் பார்த்து, "இறங்குல, மிஸ் பாத்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்" என்றாள், அவன் இறங்கவில்லை, அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பொறாமைப்பட்டாள். இப்படிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும், நல்லா சாப்பிடுதான் மிஸ். தன்னால் முடியாது. இருபத்தொன்பது வயதாகிறது, ஒரு பிள்ளை பெற்றாயிற்று, புருஷன் ரூபன் கப்பல் வேலைக்குப் போனால் எட்டு மாதம் தனியாகவே வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள், பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் வந்தபோது விடியும்வரை தனியாக ஈரத்துணி போட்டிருக்கிறாள், ஆனால் சற்று முன்னால் தலைமை சிஸ்டர் வராந்தாவில் கடந்துபோனபோது யாரும் சொல்லாமலே எழுந்து நின்றுவிட்டாள், கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது, வாய் குட் மார்னிங் சிஸ்டர் என்று ராகத்தோடு ஆரம்பித்து, வகுப்பில் வேறு யாரும் கூடச் சொல்லாததால் பாதியில் நின்றது. ரெனிஷா அதைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. சுவரில் நட்சத்திரப் பிள்ளைகள் என்று ஒரு சார்ட், பெயருக்கு எதிரே பொன் நிற நட்சத்திரங்கள், சில பெயர்களுக்கு வரிசை தாண்டிப் போய்விட்டது, ரெனிஷா ஆர். என்ற பெயருக்கு எதிரே கட்டம் மட்டும். பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறது என்று உடனே தோன்றியது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் வந்தது, உப்புக் காற்றோடு, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. பதிமூன்றாம் நம்பர். யாரோ ஒரு அப்பா, வேலைக்கிடையில் வந்திருப்பார் போல, தலைக்கவசத்தைப் பிள்ளை மாதிரி இடுப்பில் இடுக்கியிருந்தார். மிஸ் குனிந்து ஏதோ சொல்கிறாள். முத்துச்செல்வி மிஸ். சின்ன வயசு, தன்னைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் வயது வேறு கணக்கு. கையில் சிவப்புப் பேனா. மூடி கழற்றியபடியே வைத்திருக்கிறாள். அந்தப் பேனா அசைகிற பக்கமெல்லாம் ஜெசிந்தாவின் கண் போனது. என்ன வரும், என்ன சொல்வாள், டைரியைப் படித்துவிட்டு ஏன் பதிலே எழுதவில்லை. ஒன்பது நாளில் ஒரு டிக்குகூட இல்லை, ஒரு கையெழுத்துகூட இல்லை. படிக்காமலே விட்டிருந்தால். மாதாவே, படிக்காமலே விட்டிருந்தால் எவ்வளவு நல்லது. பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று முந்தாநாள் எடுத்தாள், டைரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அச்சிட்டிருக்கிறது, நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்துமூன்று வந்தால் அதற்கும் பிள்ளைதான் மிஸ் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் விளக்குப் போட்ட நேரம், குக்கர் இரண்டாவது விசில், ரெனிஷா மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெட்டியில் இருபத்துநான்கு மக்ரூன், ஆறு பெட்டி, அதில் பத்தொன்பது நொறுங்கிவிட்டது, மீதி எத்தனை. ஊர்ப் பலகாரத்தை வைத்து மிஸ்ஸே போட்ட கணக்கு. ஜெசிந்தா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். இருபத்துநான்கு பெருக்கல் ஆறு என்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு என்று ஒன்று, கீழே தொண்ணூற்றாறு, அப்புறம் மறுபடியும் எங்கிருந்தோ ஒரு நாற்பத்தெட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் குட்டிக் குட்டிப் பெட்டிகள் வேறு. கணக்கில் நாற்பத்தெட்டே இல்லை. என்னட்டி இது, யாரு கேட்டா நாப்பத்தெட்டு, ஆறாம் வாய்ப்பாடு எங்க. பிள்ளை வாயைத் திறந்தது, ம்மா, இது வந்து, ரெண்டு பெட்டிக்கு, என்று. இது வந்தும் வேணாம் அது வந்தும் வேணாம், வாய்ப்பாடு சொல்லு. ஆறொண்ணா ஆறு, ஆறு ரெண்டா பன்னெண்டு, ஆறு மூணா. ஆறு மூணா. ஆறு மூணா. விரல் மேசைக்கு அடியில் போனது. பிள்ளை விரலை ஒளித்து எண்ணுகிறது என்று தெரிந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று கிளம்பியது, கோபமில்லை, இப்போது நினைத்தால் கோபமே இல்லை, பயம்தான், ஏனென்றால் அந்த மேசைக்கு அடியில் இருந்த விரல்கள் தன்னுடையவை, அவளுக்கு நன்றாகத் தெரியும், அதே விரல்கள், எட்டாம் வகுப்பிலும் பாவாடை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு எண்ணினவை, அவை இங்கே எப்படி வந்தன, நான் கொடுத்தேனா, பாலோடு கொடுத்தேனா. அப்போதுதான் அது வெளியே வந்தது. உனக்குக் கணக்கு வராது. வரவே வராது. சொன்ன குரல் தன்னுடையது இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள்.

சிஸ்டர் பிலோமினின் குரல் அது, ஜெசிந்தா சின்னதில் கான்வென்டில் படித்தபோது கேட்டது. கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் எப்போதோ தூக்கி எறிந்திருக்கலாம். ரிப்போர்ட் கார்டு வாங்கப் போன அன்று அப்பா முன்னால், இவளுடைய தலையை வருடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னார். கையெழுத்து முத்து முத்தா இருக்கு, பாட்டு இருக்கு, பக்தி இருக்கு. கணக்குதான் இவளுக்கு வராது. ஒருத்திக்கே எல்லாத்தையும் குடுத்துருவாரா ஆண்டவர். அப்பாவும் சிரித்தார், இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், ஜெபமாலை மாதிரி, கழற்றவே இல்லை. காமர்ஸ் எடுக்க ஆசை, எடுக்கவில்லை, எனக்குக் கணக்கு வராதே. இன்றைக்கும் காய்ச்சல் மருந்து வாங்கினால் மூடியில் எது வரைக்கும் என்று மருந்துக் கடை அக்காவையே பேனாவால் குறித்துத் தரச் சொல்லுவாள், வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டையும் நம்பாமல் மறுபடி கடைக்கு ஃபோன் போடுவாள். தலையை வருடின அந்தக் கை இன்னும் உச்சந்தலையில் சூடாக இருக்கிறது. ஒரு வாக்கியம் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும். இருபது வருடம், அது வரைக்கும் தனக்குத் தெரியும். ரெனிஷாவுக்குள் இப்போது அதற்கு ஒன்பது நாள் வயது. குழந்தை வயது. இன்னும் பல் முளைத்திருக்காது, இப்போதே எடுத்துவிட்டால் எடுத்துவிடலாம், எப்படி எடுப்பது, எதைக்கொண்டு எடுப்பது.

பதினான்கு வரவில்லை என்றார்கள், பதினைந்தைக் கூப்பிட்டார்கள், ஜெசிந்தாவின் முறைக்கு முன்னால் ஒரு ஆள் குறைந்துவிட்டது. வாயால் சொன்னதோடு நின்றிருந்தால்கூட இப்படி இருக்காது. எழுதினாள். பிள்ளை சாப்பிடாமல் படுத்த பிறகு டைரியில் கையெழுத்துப் போட எடுத்தபோது, பெற்றோர் குறிப்பு என்று ஒரு காலி இடம், காலி இடத்தைப் பார்த்தால் அவளுக்குச் சும்மா இருக்க முடியாது. கான்வென்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. தப்பைச் சிஸ்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. சிஸ்டர், நான் ஹோம்வொர்க் செய்யல. சிஸ்டர், நான் பேசினேன். முந்திக்கொண்டு முழங்காலிட்டால் அடி பாதி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது பாவமே ஞாபகம் வராமல் இல்லாத பாவத்தைக்கூட ஜோடித்துச் சொன்னவர்கள் அவர்கள், சொல்லிவிட்டால் ஒரு நிம்மதி, அந்த நிம்மதிக்காகவே சொல்லுவார்கள். அன்றும் அப்படித்தான், மிஸ் கண்டுபிடித்து எழுதுவதற்குள் நாமே, வளைத்து வளைத்து, சேர்த்தெழுத்தில், அழகான இங்கிலீஷில், ரெனிஷாவுக்குக் கணக்கு வராது, வீட்டில் எவ்வளவோ சொல்லியும் மந்தமாக இருக்கிறாள், மிஸ் கண்டிப்பாக இருந்தால் நல்லது. எழுதி முடித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, மதியம், துணி மடிக்கிறபோதுதான் திடுக்கென்றது. முழங்காலிட்டது நான், சொன்னது அவள் பெயரை. அடுத்தவள் பேரைப் போய்ப் பாவமாக ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் பாவமே இல்லாத ஒன்றை. சேர்த்தெழுத்துப் பிள்ளைக்குப் படிக்க வராது என்று அப்புறம் ஒரு ஆறுதல். வராது. பார், அங்கேயும் அதே சொல்.

கண்ணை மூடினால் எமரென்சியா டீச்சர் வருகிறார். வந்தால் நன்றாக இருக்கும், இதோ இந்தக் கதவு வழியாக, ஒரு தடவை. எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது பதிலுக்கு வந்தவர், மொத்தமே ஒன்றரை மாதம், குள்ளமாக, ஓயாமல் தும்மிக்கொண்டு, சாக்பீஸ் தூசி ஆகாது அவருக்கு, கொண்டையில் ஒரு பென்சில் சொருகியிருப்பார். சிவப்பு மை கிடையாது. நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் சரியா தப்பா என்று பார்க்க மாட்டார், விடை எழுதிய கடைசி வரிக்குப் போகவே மாட்டார், மேலே முதல் வரியில் பென்சில் முனையை வைத்துக்கொண்டு, எங்க வரைக்கும் வந்திருக்கே, பாப்போம், என்பார். முனை ஒவ்வொரு வரியாக இறங்கும். இறங்கிக்கொண்டே வந்து எங்கேயோ ஓரிடத்தில் நிற்கும், அங்கே ஒரு சின்னக் கோடு. இங்க வரைக்கும் வந்துட்டே. இதுக்குக் கீழ நாளைக்கு. அவ்வளவுதான், தும்மல், அடுத்த பிள்ளை. கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அது இன்னும் நடக்காத ஒன்று மாதிரி. முதல் வாரம் இவளுடைய கோடு இரண்டாவது வரியிலேயே விழுந்தது. அப்புறம் மூன்றாவது. ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டே அவர் கேட்டார், இந்த வரிய எப்படி யோசிச்சே, சொல்லேன், எனக்கே தோணல இது. டீச்சருக்கே தோணவில்லையாம். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. கோடு கடைசி வரிக்கு ஒரு வரி முன்னால் வரை வந்துவிட்டது, நாளை மறுநாள் கடைசி வரிக்கு வந்துவிடும் என்று நோட்டுக்கு அட்டையெல்லாம் மாற்றி வைத்திருந்தாள், திங்கட்கிழமை பழைய டீச்சர் திரும்பி வந்துவிட்டார். எமரென்சியா டீச்சர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் பயம். அந்தக் கடைசிக் கோடு விழவே இல்லை. பதினைந்து வருடமாக அது எங்கேயோ காற்றில் நிற்கிறது, பென்சில் முனை இறங்கி வருகிற அந்தச் சரசரப்பு, காகிதத்தில், காதுக்குப் பக்கத்தில். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, என் பக்கத்தில் உட்கார்ந்து மேலேயிருந்து ஆரம்பித்தால். எங்க வரைக்கும் வந்திருக்கே ஜெசி. மருந்து மூடி வரைக்கும் டீச்சர். அதுக்கே ஃபோன் பண்ணுதேன் டீச்சர்.

பதினாறாம் நம்பர் அம்மா எழுந்து, மகனைக் கம்பியிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு போனாள், போன வேகத்தில் திரும்பினாள். "இந்தத் தடவை பதினொண்ணு" என்றாள் இவளிடம், பெருமையாகவே. "ஏறிட்டுல்லா வருது." ஜெசிந்தா எழுந்தாள். ரெனிஷாவின் கையைப் பிடித்தாள், கை வந்தது, விரல் மடங்கவில்லை.

"உக்காருங்க. ரெனிஷா மம்மிதானே" என்றாள் முத்துச்செல்வி மிஸ். ஜெசிந்தா நின்றாள். மிஸ் நாற்காலியைக் காட்டிய பிறகுதான் தான் நிற்பதே தெரிந்தது. டைரி திறந்தது, நாற்பத்திரண்டாம் பக்கம். "உங்களுக்கு என்ன அழகான கையெழுத்து மம்மி, ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டுனேன். நிறையப் பேரண்ட்ஸ் ஒத்துக்கவே மாட்டாங்க. நீங்களே வெளிப்படையா எழுதிட்டீங்க, அதனால எனக்கும் சுலபமாப் போச்சு. அதுலேர்ந்து இவளை நான் போர்டுக்குக் கூப்பிடறதில்ல. வராத பிள்ளையைப் போட்டு வதைக்கக் கூடாதுல்ல. கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சு ஒண்ணாங்கிளாஸ் கூட்டல் குடுத்துருக்கேன். பாவம், சத்தமே இல்லாம போட்டுட்டு இருக்கா."

அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டி ரெனிஷாவின் தலையை வருடினாள். அந்தக் கை பிள்ளையின் தலையில் படுவதை ஜெசிந்தா பார்த்தாள், தன் உச்சந்தலை சுட்டது. கடைசி பெஞ்ச். ஒன்பது நாளாக. ஸ்கூல்லயே முடிச்சிட்டேன் என்றது இதைத்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்க முடியுமா, யாரிடம் சொல்லும், எழுதினவளிடமா. பேசாதே, மிஸ் முன்னால் பேசாதே, தேங்க்யூ மிஸ் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் அழுதுகொள், அதுதான் உனக்குத் தெரிந்தது, அதுதான் உனக்கு வரும்.

"மிஸ்" என்றாள். குரல் எட்டாம் வகுப்புக் குரலாகத்தான் வந்தது, வரட்டும். "நான் எழுதுனது தப்பு மிஸ். பிள்ளை மேல தப்பில்ல. நான் பயந்துபோய் எழுதிட்டேன்." மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அவ கணக்கு நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

மேசையில் அடுக்கியிருந்ததிலிருந்து நோட்டு வந்தது. அந்தப் பக்கம். மக்ரூன் கணக்கு, மேலேயிருந்து கீழே வரை ஒரே சிவப்புப் பெருக்கல் குறி, அடியில் ஒரு சுழி. "ஒரு பென்சில் கிடைக்குமா மிஸ்?" மிஸ்ஸிடம் சிவப்புப் பேனாக்கள் மூன்று இருந்தன, பென்சில் இல்லை, இழுப்பறையைத் திறந்து மூடினாள். அப்போது பக்கத்தில் ஜிப் ஒன்று மெதுவாகத் திறந்தது. ஒன்பது நாளாகக் கட்டிப் பிடித்திருந்த பைக்குள் கை போய், மொட்டைப் பென்சில் ஒன்று, பின்பக்கம் கடித்தது, மேசைமேல் வந்தது. ரெனிஷா அம்மாவைப் பார்க்கவில்லை, பென்சிலைத்தான் பார்த்தாள்.

ஜெசிந்தா முதல் வரியில் முனையை வைத்தாள். எனக்குக் கணக்கு வராதே, நான் எப்படி, தும்மக்கூடத் தெரியாது எனக்கு. "எங்க வரைக்கும் வந்திருக்கே, பாப்போம்" என்றாள். இருபத்துநான்கும் இருபத்துநான்கும் நாற்பத்தெட்டு. சரி. அடுத்த வரி தொண்ணூற்றாறு. எங்கிருந்து என்று தெரியவில்லை. முனை அங்கே நின்றது. நாற்பத்தெட்டின் கீழ் ஒரு சின்னக் கோடு போட்டாள். "இங்க வரைக்கும் வந்துட்டே."

ரெனிஷா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரல்களுக்கிடையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றாள். "ரெண்டு பெட்டிக்கு நாப்பத்தெட்டு. நாலு பெட்டிக்குத் தொண்ணூத்தாறு. அப்பவும் ரெண்டு பெட்டி மிச்சம் இருக்குல்ல, அதான் இந்த நாப்பத்தெட்டு, மறந்துரக் கூடாதுன்னு வட்டம் போட்டேன்." சிவப்புக் குறிக்கு அடியில் பாதி மறைந்திருந்த நூற்றுநாற்பத்துநான்கின் கீழே, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி ஒரு கோடு போட்டாள். "இங்க வரைக்கும்."

ஜெசிந்தா மேசைக்கு மேலேயே விரல்களை விரித்து வைத்து எண்ணினாள், மிஸ் பார்க்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். தொண்ணூற்றாறு, நாற்பத்தெட்டு. நூற்றுநாற்பத்துநான்கு. இன்னொரு தடவை எண்ணினாள். நூற்றுநாற்பத்துநான்குதான். யாரு கேட்டா நாப்பத்தெட்டு என்று அன்று கரண்டியோடு நின்று கேட்ட இடம் அது.

"ஆறாம் வாய்ப்பாடே போடலியே" என்று ஆரம்பித்த முத்துச்செல்வி மிஸ் நிறுத்திக்கொண்டாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். "இரு இரு. அந்த வட்டத்த மறுபடி சொல்லு."

ரெனிஷா சொல்வதற்கு மேசைமேல் எக்கினாள், எக்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது, முழுப் பாரத்தையும் அம்மாவின் விலாவில் சாய்த்துக்கொண்டாள். சொல்லி முடித்து, கோட்டுக்குக் கீழே இருந்த கழித்தலின் மேல் விரலை வைத்தாள்.

"இதுக்குக் கீழதான் மிஸ் எனக்கு இன்னும் தெரியல."

வேர்த்தது. ஜெசிந்தா விலகவில்லை.